வாயே தொட்டில்

வெள்ளிமலையில் வாழும் நேயர்களுக்குக் கடல் மீனைப் பற்றி என்ன கவலை என்று சிலர் கேட்கலாம். கவலைக்கு இடமிருக்கிறது. கல்வராயன் மலையில் பெய்யும் மழையின் ஒரு பகுதி கோமுகி நதியாகக் கீழே இறங்கி, வேறு ஆறுகளோடு கூடி, வெள்ளாறாகப் பரங்கிப்பேட்டைக்கு அருகில் சமுத்திரத்தை அடைகிறது. ஆற்று நீரும் கடல் நீரும் கலக்கும் அத்தகைய கழிமுகங்களிலும், கரையோரக் கடலின் சேற்றுத் தரையிலும் வசிப்பதே கடல் கெளுத்தி.

ஆற்றுக் கெளுத்தியை நாம் அறிவோம். கடல் கெளுத்தி அதற்குப் பங்காளி. இதற்கும் செதில் கிடையாது, வழுவழுப்பான தோல்தான். தலையின் மேற்புறம் கேடயம்போல் கெட்டியான எலும்பு. வாயைச் சுற்றிப் பெரும்பாலும் மூன்று ஜோடி மீசைகள். ஆற்றுக் கெளுத்திக்கு மூக்கருகே உள்ள மீசை இதற்கு இல்லை. கலங்கிய நீரில் கண் உதவாதபோது மீசையால் தடவியே இரை தேடுகிறது. முதுகில் ஒன்றும், பக்கத்துக்கு ஒன்றுமாக மூன்று முட்கள். அவை ரம்பம்போல் பல்லுடையவை, விஷமும் உண்டு. குத்துப்பட்டவர் எளிதில் மறக்க மாட்டார்.

இவ்வளவு முரட்டு ஆயுதம் தரித்த பிராணி குழந்தை வளர்க்கும் விதமோ நம்மை வியப்பில் ஆழ்த்துகிறது. பெண் மீன் இடும் முட்டை ஒவ்வொன்றும் ஏறக்குறைய கோலிக்குண்டு அளவு இருக்கும். அவற்றை ஆண் மீன் தன் வாயில் ஏந்திக் கொள்கிறது. குஞ்சு பொரித்து, அதன் வயிற்றிலுள்ள மஞ்சட்கரு கரையும் வரையில், வாரக் கணக்கில் அந்தத் தகப்பன் பட்டினி. வாய் நிறையப் பிள்ளைகள் இருக்கும்போது இரைக்கு இடமேது?

ஆனால் இந்தப் பாசமே அதற்கு ஆபத்தாகவும் முடிகிறது. மத்தி மீன் பல்லாயிரம் முட்டையிடும். பெரும்பகுதி அழிந்தாலும் குலம் தழைக்கும். கெளுத்தியின் முட்டைகளோ மிகச் சொற்பம். 1980-ஆம் ஆண்டுகளில் கர்நாடகக் கடலில், கூட்டத்தையே வளைத்து இழுக்கும் சுருக்கு வலைகளில், முட்டை ஏந்திய ஆண் மீன்கள் திரள் திரளாக அகப்பட்டன. வாயினின்று உதிர்ந்த முட்டைகள் வீணாயின. பின்னர் அக்கரையில் கெளுத்தி வரத்து வெகுவாகக் குன்றிப் போயிற்று.

மீனவர் பிழைக்க வேண்டும். அதில் நமக்கு இரண்டாவது அபிப்பிராயம் இல்லை. ஆனால் அடுத்த வருஷமும் பிழைக்க வேண்டுமல்லவா? கெளுத்தி முட்டை ஏந்தும் காலத்தில் அதன் கூட்டத்தை வளைக்காமல் விடுவது தருமம் மட்டுமல்ல, லாபமும் ஆகும். ஒரு தகப்பனைப் பிடிக்கும் வலை ஒரு குடும்பத்தையே வாரிக் கொண்டு போகிறது என்பதை வலை வீசுவோரும், சட்டம் இயற்றுவோரும், சந்தையில் பேரம் பேசும் நாமும் சற்றே நினைத்துப் பார்ப்போமாக.