மென்பொருளுக்குள் 1950

மகளின் சாதிச் சான்றிதழுக்காக உப்பளத்தில் வேலை செய்யும் அக்கா ஒருவரோடு தூத்துக்குடியில் ஓர் இ-சேவை மையத்துக்குப் போனேன். மதம்? "கிறித்தவர்." "அப்ப எஸ்சி கிடையாதுக்கா, பிசிதான்" என்றார் கணினி முன்னிருந்த தம்பி.

தம்பியைக் குறை சொல்ல மாட்டேன். கணினியும் இதைத் தானாக முடிவு செய்யவில்லை. பட்டியல் சாதி என்றால் இந்து என்று 1950-இல் குடியரசுத் தலைவர் ஆணை வகுத்தது. 1956-இல் சீக்கியத் தலித்துகளுக்கும் 1990-இல் பௌத்தத் தலித்துகளுக்கும் கதவு திறந்தது. கிறித்தவ, இஸ்லாமியத் தலித்துகள் இன்றும் வெளியேதான். கல்லறைத் தோட்டத்தில்கூடச் சாதி பார்க்கிற நாட்டில்!

விண்ணப்பம் போவது கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் அலுவலகம் என்ற அதே பழைய படிகளில். கையொப்பம் மட்டும் மின்னணு.

ஆணையைத் திருத்தச் சொல்லி 2023 ஏப்ரலில் நம் சட்டமன்றம் தீர்மானம் போட்டது. அக்காவின் மகள் பிசி சான்றிதழோடு கல்லூரிக்கு விண்ணப்பித்துவிட்டாள்.