பெயர் முதலில், முகவரி பிறகு

டொரண்டில் படம் இறக்காதவர் நம்மில் யார்? ரவுட்டரை அணைத்துப் போட்டால் ஐபி முகவரி மாறலாம். ஆனாலும் தரவிறக்கம் விட்ட இடத்திலிருந்து ஓடும். 2002இல் வெளியான கடெம்லியா முறையில் ஒவ்வொரு கணினியும் 160 பிட் அடையாள எண் ஒன்றை வைத்துக்கொள்கிறது. முகவரி மாறினால், அதே எண்ணோடு மற்றக் கணினிகளிடம் போய், "நான் இப்ப இங்க இருக்கேன்" என்கிறது. நடுவில் எந்த ஆபீசும் இல்லை.

எங்கள் கதை தலைகீழ். நோட்டன் பிரிட்ஜ் பக்கத்து லயங்களில் தலைமுறை தலைமுறையாக முகவரி மாறவில்லை. ஆனால் அதில் ஆளைக் காணோம்: தோட்டப் பெயர், டிவிஷன் பெயர், அவ்வளவுதான். கடிதம் தோட்ட ஆபீசில் இறங்கும். அங்கிருந்து யார் கையில் எப்ப வரும்? நேர்முகத் தேர்வு முடிந்த பிறகு அழைப்புக் கடிதம் கிடைத்தவர்கள் எங்களுக்குள்ளேயே இருக்கிறார்கள்.

"அதான் வாட்ஸ்அப் இருக்கே" என்பார்கள். நீதிமன்ற அழைப்பாணையும் அதிலா வரும்?

இங்குள்ள விமலசுரேந்திர மின் நிலையம் 1965 முதல் நாட்டுக்கு மின்சாரம் தருது. கரண்டுக்கு வீட்டு வழி தெரியுது, கடிதத்துக்குத் தெரியாதா? கதவில் இலக்கம் எழுத ஒரு டப்பா பெயிண்ட் போதும். அந்த இலக்கத்துக்குத் தபால்காரரே நேரில் வரணும், தோட்ட ஆபீஸ் வழியாக இல்லை.