பொன்னாடையும் சீவாளியும்

பட்டர்வொர்த் துறைமுகத்தை அடுத்த பாகான் டாலாம் வட்டாரத்தில் திருவிழா என்றால் நாதசுவரமும் தவிலும் முழங்கியாக வேண்டும். வாசிப்பவர் யார் என்று வினவினால்தான் விடை கசக்கிறது. மலேசியக் கோயில்கள் பலவும் தமிழகத்திலிருந்து தற்காலிக வேலை அனுமதியில் கலைஞர்களை வரவழைத்தே மங்கல இசையைக் காத்து வருகின்றன. அக்கலைஞர்கள் மீது குறை சொல்வதற்கில்லை. அவர்கள் வந்திராவிடில் பல சந்நிதிகள் ஊமையாகியிருக்கும். இம்மண்ணில் பிறந்த பிள்ளை ஏன் அவர்கள் அருகில் அமர்ந்திருக்கவில்லை என்பதே கேள்வி.

‘பிள்ளைகளுக்கு ஆர்வமில்லை’ என்பது கோயில் நிருவாகத்தார் பலர் ஆயத்தமாக வைத்திருக்கும் விடை. தேவாரப் போட்டிகளில் தொடக்கப்பள்ளிச் சிறார் பண்ணோடு பாடுவதைக் கேட்டவர் இதனை ஒப்பார். ஆர்வம் இருக்கிறது, அது பதினேழு வயதில் கணக்குப் பார்க்கத் தொடங்குகிறது. நாதசுவரம் ஆச்சா மரத்தில் கடையப்படுவது, நரசிங்கம்பேட்டையிலிருந்து வரவேண்டும். சீவாளியோ காவிரிக் கரைப் புல்லில் செய்யப்படுவது. அடிக்கடி மாற்ற வேண்டியது. ஆசிரியர்க்கு ஊதியம், ஆண்டுக் கணக்கில் சாதகம், அதன்பின் வருவாய் உண்டா என்னும் ஐயம். துறைமுகத்தில் மூட்டை தூக்கிய தந்தை இவ்வளவையும் எங்ஙனம் சுமப்பார்?

சுமந்தவர்கள் இருந்தார்கள். 1929இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தை நிறுவிய செட்டிநாட்டரசர் அண்ணாமலைச் செட்டியார் சிதம்பரத்தில் இசைக் கல்லூரிக்கும் இடம் தந்தார்; 1943இல் சென்னையில் தமிழிசைச் சங்கம் எழவும் முன்னின்றார். நகரத்தார் செல்வத்துக்குப் பர்மாவும் மலாயாவும் பெரும் ஊற்றுகள் என்பதை மறத்தலாகாது. இங்கிருந்து சென்ற பொருளால் அங்கே இசை வளர்ந்தது. பினாங்குக்கு 1894இல் வெள்ளி இரதம் வந்தது. 2017 முதல் தங்க இரதமும் உலா வருகிறது. இரதங்கள் வேண்டா என்பதன்று. அவற்றின்முன் வாசிக்க ஒரு பிள்ளையைப் பயிற்றும் செலவு மட்டும் வீண்செலவாகத் தோன்றுவது எங்ஙனம்?

கொடைக்குக் கோடீசுவரராக வேண்டும் என்பதும் இல்லை. பெங்களூர் நாகரத்தினம்மாள் தாம் பாடி ஈட்டிய பொருளைத் திருவையாற்றில் தியாகராசர் சமாதிக்கு ஈந்தார். திருவாவடுதுறை ஆதீனம் டி. என். இராசரத்தினம் பிள்ளையைத் தன் வித்துவானாக வைத்துக்கொண்டது. ஒருநாள் மரியாதையன்று அது, நிலையான இடம்.

இங்கு நடப்பதோ வேறு. அரங்கேற்ற மேடையில் பொன்னாடை, மாலை, நிழற்படம், தலைவர்தம் நீண்ட உரை. மறுநாள் பொன்னாடை அலமாரிக்குள் புகுகிறது; பிள்ளை தொழிற்சாலை வாயிலில் நிற்கிறான். பொன்னாடையின் விலைக்குச் சீவாளி வாங்கித் தந்திருந்தால் ஒரு பருவமேனும் ஊதியிருப்பான்.

‘உதவி பெற்றுப் பழகினால் முயற்சி குன்றும்’ என்பாரும் உளர். மருத்துவம் பயிலும் மாணவனுக்கு உபகாரச் சம்பளம் தரும்போது இந்த ஞானம் எங்கே உறங்குகிறது? எனினும் எச்சரிக்கை ஒன்று தேவை. புரவலர் கை ஓங்குமிடத்தில் வேண்டியவர் வீட்டுப் பிள்ளைக்கே கொடை போய்ச் சேரும். ஆகவே தேர்வு செய்வோர் இசை அறிந்த வெளியூராராக இருத்தல் நன்று, ஆண்டுதோறும் தேர்ச்சி நோக்கிப் பொருள் தருக, தேறாதவனுக்கு நிறுத்துக. ஏழாண்டுப் பயிற்சி முடித்தவனுக்குக் கோயில் ஊதியப் பட்டியலில் இடம் உண்டு என்பதை முதல் நாளே எழுத்தில் தருக.

அடுத்த திருவிழாவுக்கான வரவுசெலவுக் கூட்டத்தில் பந்தல், மின்விளக்கு, வாணவேடிக்கை ஆகியவற்றுக்கு முன்னே இந்த ஒரு வரியை எழுத எந்தச் செயலாளர் துணிவார்?