கண்ணாடிக்குள்ள ஊசி போகுமா?

ஒரு குட்டிக் கேள்வி. கண்ணாடி வச்சுத் தைச்ச ஜோல்னா பையை மாட்டிக்கிட்டு காலேஜ்ல பந்தா பண்றோமே... அந்தக் கண்ணாடியில ஓட்டையே கிடையாது. அப்புறம் எப்படித் தைச்சாங்க?

விடை தெரிஞ்சவங்க நம்ம தருமபுரி மாவட்டத்துலயே இருக்காங்க. அரூர் பக்கம், கல்வராயன் மலைக்கும் சித்தேரி மலைக்கும் நடுவுல இருக்கிற சிட்லிங்கி பள்ளத்தாக்கின் லம்பாடிப் பெண்கள்! கண்ணாடி, சோழி, கலர் நூல்னு உடையிலேயே திருவிழா நடத்தினவங்க. ஆனா, அந்த உடை போய்ப் புடவை வந்ததும் ஊசியும் ஓய்ஞ்சுபோச்சு. ரெண்டு தலைமுறையா யாரும் கத்துக்கலை.

அங்கே 1993-ல் மருத்துவப் பணியைத் தொடங்கினவங்க டாக்டர் ரெஜி ஜார்ஜ் - டாக்டர் லலிதா தம்பதி. 2006-ல் லலிதாவோட முயற்சியில இந்தக் கலையை மீட்கக் கிளம்பினப்போ, தையல் ஞாபகம் இருந்தது வயசான ரெண்டே ரெண்டு பெண்களுக்குத்தான்! அவங்க சொல்லிக்கொடுக்க, இளம் பெண்கள் கத்துக்க, 'போர்கை' பிறந்தது. லம்பாடி மொழியில 'பெருமை'ன்னு அர்த்தம். வீட்டுல இருந்தே சம்பாதிக்க ஒரு வழியும் கிடைச்சது.

சரி, மேட்டருக்கு வருவோம். பசங்களும் ட்ரை பண்ணலாம்!

துணி மேல வட்டக் கண்ணாடியை வைங்க. அடியிலிருந்து ஊசியை எடுத்து, கண்ணாடிக்கு மேல நெடுக்க ரெண்டு நூல், குறுக்க ரெண்டு நூல் இழுத்துக் கட்டுங்க. அதே மாதிரி சாய்வா இன்னொரு தடவை. நூல் ஓரத்துல வேண்டாம், கொஞ்சம் உள்ளே தள்ளியே இருக்கட்டும். இப்போ கலர் நூலை எடுங்க. கட்டின நூலுக்கு அடியில ஊசியை விட்டு ஒரு சுருக்கு. அடுத்து, கண்ணாடி ஓரத்துத் துணியில ஒரு சின்னத் தையல், அதுலயும் சுருக்கு. இப்படியே மாத்தி மாத்தி சுத்தி வந்தா, கண்ணாடிக்கு ஃப்ரேம் ரெடி!

முதல் கட்டு லூஸா இருந்தா கண்ணாடி கழண்டு விழுந்துடும். அவ்ளோதான் ரகசியம். முதல்ல நாலஞ்சு கண்ணாடி கழண்டு விழும், பரவாயில்ல!

சிட்லிங்கியில இன்னும் பத்து வருஷம் கழிச்சுத் தேடியிருந்தா, சொல்லிக்கொடுக்க அந்த ரெண்டு பேரும் இருந்திருப்பாங்களா? உங்க பாட்டி கைக்கும் ஏதாவது ஒண்ணு தெரிஞ்சிருக்கும்... கூடை முடையவோ, பாய் பின்னவோ, பழைய புடவையில மெத்தை தைக்கவோ. இந்த வாரம் ஊருக்குப் போறப்போ செல்போனை ஓரமா வச்சுட்டு, பக்கத்துல உட்காருங்க. 'எனக்கும் சொல்லிக்கொடு பாட்டி'ன்னு கேட்டுப் பாருங்க. அந்த முகத்துல தெரியுமே... அதுதான் போர்கை!