பேரன் பாடினால் பாட்டாகாதோ?

பாட்டி பாடினால் அது நாட்டுப்புற இலக்கியம். அதனை ஆய்ந்து பட்டமும் பெறலாம். அப்பாட்டியின் கதையைப் பேரன் ஒலிவாங்கி பிடித்துப் பாடினால் மட்டும் அது வெறுங் கூச்சல்! தமிழாசிரியர் சிலரிடம் நிலவும் இவ்விரட்டை அளவுகோல் பொருந்துமா என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

2021 மார்ச்சுத் திங்களில் ‘எஞ்சாய் எஞ்சாமி’ என்னும் பாடல் வெளிவந்தது. சந்தோஷ் நாராயணன் இசையில் தீயும் அறிவும் பாடிய அப்பாடல் தமிழர் வாழும் ஊர்தோறும் ஒலித்தது. ஆடியவர் பலர்; பொருள் கேட்டவர் சிலர். அதன் வேர், அறிவின் பாட்டி வள்ளியம்மாள். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துப் பின்னர்த் தமிழகம் திரும்பியவர் அவர். ஆயின், அதன்பின் எழுந்த பேச்செல்லாம் புகழ் யாருக்கு என்பதைப் பற்றியதே. ‘ரோலிங் ஸ்டோன் இந்தியா’ இதழின் 2021 ஆகஸ்டு அட்டையில் அறிவு இடம்பெறாததும், 2022-இல் சென்னைச் சதுரங்க ஒலிம்பியாடு தொடக்க விழா மேடையில் அவர் இல்லாததும் பெருஞ்செய்திகளாயின. பாட்டியை எவரும் பேசவில்லை.

2024-இல் அறிவு ‘வள்ளியம்மா பேராண்டி’ என்னும் இசைத்தொகுப்பை வெளியிட்டார். 2019-இல் வந்த அவரது ‘தெருக்குறள்’ ஊரை நோக்கிக் கேள்வி கேட்டது. இத்தொகுப்போ, தாம் யாருடைய பேரன் என்பதைத் தலைப்பிலேயே சொல்லித் தம் வேரை நோக்கித் திரும்பியது. ஆட்டத்துக்குக் கிடைத்த செவிகள் இதற்குக் கிடைக்கவில்லை. கேளாமலே தள்ளுவோர் கூறும் காரணங்கள் மூன்று.

யாப்பில்லை, ஆதலின் இலக்கியமன்று என்பது முதலாவது. தொல்காப்பியர் செய்யுளியலில் பண்ணத்திக்கு இடமளித்துள்ளார். ஏட்டில் ஏறாது வழக்கில் வாழ்ந்த பாட்டுகளையே பேராசிரியர் அதற்குச் சான்றாகக் காட்டுகிறார். இளங்கோவடிகளோ கானல்வரியையும் குரவைப் பாட்டையும் அம்மானையையும் வள்ளைப்பாட்டையும் காப்பியத்துள் அமர்த்தினார். இலக்கணமும் காப்பியமும் திறந்துவைத்த கதவை ஆசிரியர் அடைக்கலாமா?

இரைச்சலும் ஆங்கிலக் கலப்பும் மிகுதி என்பது இரண்டாவது. சொல்லிசைப் பாடல்கள் பலவற்றில் இக்குறை உண்டு, மறுப்பதற்கில்லை. தாளம் சொல்லை விழுங்குமிடத்தை எடுத்துக்காட்டிக் கண்டிப்பதே திறனாய்வாளர் கடன். வரிவரியாகக் கேட்டுக் குறை கூறுவது திறனாய்வு. பெயரைக் கேட்டதும் முகஞ்சுளிப்பது சோம்பல். யோகி பியும் நட்சத்திராவும் 2006-இல் ‘வல்லவன்’ தொகுப்பை வெளியிட்ட நாடு இது. சொல்லிசையை ஆராயும் கடமை இந்நாட்டுத் தமிழாசிரியருக்கே முதலில் உரியது.

தன் வீட்டுக் கதையைப் பாடினால் ஊருக்கு என்ன பயன் என்பது மூன்றாவது. தந்தையையும் குன்றையும் இழந்த பாரி மகளிர் பாடியது யார் வீட்டுக் கதை? ஐந்தே அடிகளில் அமைந்த அத்துயரைப் புறநானூறு போற்றிக் காத்தது. அதனை மாணவர்க்கு நடத்தும் ஆசிரியரே இவ்வினாவை எழுப்புவது வியப்பன்றோ!

வள்ளியம்மாளின் கதை பேராக் மாநிலத்தாருக்கு அயலார் கதையும் அன்று. 1964-இல் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவின் கணக்கிலும் 3,00,000 பேரை இலங்கையின் கணக்கிலும் பிரித்து எழுதியது. மலாயாத் தோட்டங்களில் உழைத்த தமிழருள் குடியுரிமை பெறாதோர், 1969-க்குப்பின் வேலை உரிமம் இன்றிப் பல்லாயிரவராய்க் கப்பலேறினர். ஒரே லயத்தில் வாழ்ந்த உடன்பிறந்தார் இரு நாட்டினராயினர். சுங்கை சிப்புட்டிலும் சிம்மோரிலும் பால்மரம் நின்ற நிலங்கள் பல இன்று செம்பனையாகவும் குடியிருப்பாகவும் மாறிவிட்டன. தோட்டத்துப் பேரேட்டில் ஆளின் பெயரும் கூலியும் உண்டு. அவர் பாடிய தாலாட்டும் ஒப்பாரியும் இல்லை. அவை முதியோர் நினைவில் மட்டுமே உள்ளன. அந்நினைவும் ஆண்டுதோறும் குறைந்துகொண்டே வருகிறது.

அறிவின் தொகுப்பு குறையற்றது என்று யாரும் வாதிட வேண்டியதில்லை. ஒரு பேரன் தன் பாட்டியிடம் கேட்டதைப் பாட்டாக்கினான் என்பதே கருதத்தக்கது. அப்பாட்டை வகுப்பறையில் ஒருமுறை ஒலிக்கச் செய்க. குறையுள்ள இடத்தை மாணவரே சுட்டட்டும். பின்னர், வீட்டிலுள்ள பாட்டியிடம் ஒரு பாட்டுக் கேட்டு எழுதிவரச் சொல்க. பிரட்டுக்குப் புறப்பட்ட வைகறையையும் பால்வாளியின் சுமையையும் அறிந்த குரல்கள் ஈப்போவின் அடுக்ககங்களில் இன்னும் சில உள்ளன. அவை ஓய்ந்தபின் ஆய்வேடு எழுத ஆளிருப்பர், பாட இருக்கமாட்டார்.