விழுந்த இடம் எது?

(இளங்கலைப் பொருளியல், மூன்றாம் ஆண்டு)

கணிப்பொறி விளையாட்டு மாணவர்களைக் கெடுக்கிறது என்பது வீட்டிலும் வகுப்பிலும் நாம் கேட்டுப் பழகிய குற்றச்சாட்டு. அதில் உண்மையே இல்லை என்று வாதாட நான் வரவில்லை. உறக்கத்தைத் தின்னும் விளையாட்டுகள் உண்டு. பணத்தைத் தின்னும் விளையாட்டுகளும் உண்டு. ஆயினும் ஒரு விளையாட்டு எனக்குத் தோற்கக் கற்றுக் கொடுத்தது. தோற்பதற்கும் கற்க வேண்டுமா என நண்பர்கள் நகைக்கலாம். கற்றே ஆக வேண்டும் என்பதுதான் என் துணிபு.

சென்ற கோடை விடுமுறையில் கோவையிலுள்ள அத்தை வீட்டில் ஏறத்தாழ இரண்டு மாதம் தங்கியிருந்தேன். அத்தை மகன் வேலைக்குப் போனபின் அவருடைய கணிப்பொறி சும்மா கிடக்கும். அதில் அறிமுகமானதுதான் ‘எல்டன் ரிங்’. ஜப்பான் நாட்டு ஃபிரம்சாஃப்ட்வேர் நிறுவனம் 2022 பிப்ரவரியில் வெளியிட்ட விளையாட்டு அது. இயக்கியவர் ஹிடெடாகா மியாசாகி. அவ்வுலகத்தின் பழங்கதையைப் புனைந்தவர் அமெரிக்க நாவலாசிரியர் ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின். இடிந்த கோட்டைகளும், அரசிழந்த நாடுகளும், இருளும் மாயமும் சூழ்ந்த அந்நிலத்தில் நாம் ஒரு தனி வீரனாக அலைகிறோம். ஆங்காங்கே பெரும்பகைவர் காத்திருப்பர். விளையாடுவோர் அவர்களைப் ‘பாஸ்’ என்பர்.

அப்பகைவருள் மிகக் கடியவள் மலேனியா. வியப்பு என்னவென்றால், அவளை வெல்லாமலேயே இந்த விளையாட்டை முடித்துவிடலாம். அவளைத் தேடிப் போ என்று யாரும் நம்மைக் கட்டாயப்படுத்துவதில்லை. தேடினாலும் எளிதில் கிடைப்பவளும் அல்லள். ஒரு பதக்கத்தின் இரு பாதிகள் இரு வேறு திசைகளில் மறைந்து கிடக்கின்றன. ஒரு பாதி, பாழடைந்த சிற்றூர் ஒன்றில், பானையின் உருவில் ஒளிந்திருக்கும் ஒரு முதியவரிடம் உள்ளது. பானையென்று கடந்து போனால் போனதுதான். மறு பாதி, பனிமலைக் கோட்டை ஒன்றின் உச்சியில், அதன் தளபதியை வென்றபின் கிடைப்பது. இரண்டையும் சேர்த்து ரோல்டு என்னும் பெருந்தூக்கியில் உயர்த்திக் காட்டினால் வேறொரு பனிவெளிக்கு வழி பிறக்கும். அங்கே ஓர் ஊரில் மறைந்திருக்கும் நான்கு உருவங்களுக்கு விளக்கேற்ற வேண்டும். அதன்பின் ஒரு மாமரத்தின் கிளைகள் வழியே இறங்கி இறங்கி, வேரடியில் அவளைக் காணலாம்.

கண்டேன், கண்ட சில நொடிகளில் மாண்டேன்!

அழுகல் நோய் தின்ற உடல். வாளேந்திய வலக்கையோ பொய்க்கை. இவள் என்ன செய்துவிடுவாள் என்று எண்ணியது என் பேதைமை. அவள் வாள் நம்மீது படும்போதெல்லாம் அவளுடைய உயிர்வலிமை கூடும். கேடயத்தால் தடுத்தாலும் கூடும்! அஞ்சி ஒதுங்குபவனின் அச்சமே அவளுக்கு உணவு. இடையிடையே மேலெழும்பி ஒரு கணம் அந்தரத்தில் நிற்பாள். அடுத்த கணம் சுழன்று சுழன்று வெட்டும் வாள்வீச்சு அலையலையாக வரும். எப்படியோ ஒருமுறை வீழ்த்தினால், அழுகலின் தெய்வமாக உருமாறி மீண்டும் எழுவாள்.

முதல் நாள் ஆத்திரத்தோடு ஆடினேன்; இருபது முறைக்கு மேல் இறந்தேன். இரண்டாம் நாள் ஒரு பழைய நோட்டை எடுத்துக்கொண்டேன். ஒவ்வொரு முறை விழும்போதும், எந்த அடியில் விழுந்தேன், அதற்கு முன் அவள் கை எங்கே இருந்தது என்று ஒரு வரி எழுதினேன். நாற்பது வரி சேர்ந்தபோது ஓர் உண்மை புலப்பட்டது. நாற்பது தோல்வி என்று நான் நினைத்தவை, உண்மையில் நான்கைந்து தவறுகளே. அவற்றையே திரும்பத் திரும்பச் செய்திருந்தேன். கேடயத்தைத் தூக்கி எறிந்தேன். அவள் அந்தரத்தில் நின்றால் முதல் அலைக்கு விலகி ஓடவும், அடுத்த அலைக்கு அவள் அடியிலேயே உருண்டு மறுபுறம் போகவும் பழகினேன். அடிமேல் அடித்தால் அம்மியும் நகரும் என்பார்கள். ஆனால் எந்த இடத்தில் அடிப்பது என்று தெரிந்திருக்க வேண்டும். எழுபத்தோராம் முறை அவள் வீழ்ந்தாள்.

இதை நான் ஏன் கல்லூரி மலரில் எழுத வேண்டும்? காரணம் உண்டு. அந்த விடுமுறையின் நடுவில்தான் எனக்குத் தேர்வு முடிவு வந்தது. புள்ளியியல் தாளில் இரண்டாம் முறையாகத் தோற்றிருந்தேன். தேர்ச்சிக்கு வேண்டியது 40. முதல் முறை எனக்குக் கிடைத்தது 31, இரண்டாம் முறை 33. படிப்பை நிறுத்திவிட்டு ஜவுளிக்கடை வேலைக்குப் போய்விடலாமா என்று அத்தையிடமே கேட்டேன். அந்த மனநிலையில் நோட்டைப் புரட்டியபோது ஒரு கேள்வி என்னைக் குத்தியது. மலேனியாவிடம் நான் எங்கே விழுந்தேன் என்று எழுபது வரி எழுதியிருக்கிறேன். புள்ளியியலில் எங்கே விழுந்தேன் என்று ஒரு வரியாவது எழுத முடியுமா? முடியவில்லை. என் கையில் இருந்தவை இரண்டு எண்கள் மட்டுமே.

தோழர்களே! நமக்கும் அந்த விளையாட்டுக்கும் உள்ள வேறுபாடு இதுதான். அங்கே தோல்வி ஒரு செய்தி. இங்கே அது ஒரு தீர்ப்பு. ‘அரியர்’ என்ற சொல் விழுந்ததும் நாம் தலைகுனிகிறோம். அடுத்த முறை அதே பாடத்தை முதல் பக்கத்திலிருந்து மனப்பாடம் செய்கிறோம். அதே இடத்தில் மறுபடியும் விழுகிறோம்.

“விளையாட்டில் சாவு இலவசம், வாழ்க்கையில் அப்படியா?” என்று சிலர் கேட்பர். நியாயமான கேள்வி. ஒவ்வோர் அரியருக்கும் தேர்வுக் கட்டணம் உண்டு. என் கட்டணம் என் தந்தையின் கூலியிலிருந்து போனது. ஆண்டுகளும் திரும்பி வாரா. ஆகவேதான் சொல்கிறேன்: விலை கொடுத்துத் தோற்பதற்கு முன், விலையின்றித் தோற்கும் வாய்ப்பு மாணவனுக்கு வேண்டும்.

பிறர் துணையை நாடுவது இழுக்கு என எண்ணுவோரும் உண்டு. மலேனியாவிடம் தோற்றுத் தவிப்போருக்கு உதவவென்றே ஒரு வீரர் தோன்றினார். தலையில் ஒரு சாடி, இடையில் ஒரு துணி, கையில் இரு வாள். ‘லெட் மீ சோலோ ஹெர்’ என்பது அவர் சூடிய பெயர். அழைத்தோர் உலகில் புகுந்து, 2022 இலேயே ஆயிரம் முறைக்கு மேல் அவளைத் தனியே வென்று கொடுத்தார். விளையாட்டை வெளியிட்ட பண்டாய் நாம்கோ நிறுவனம் அவருக்கு உண்மையான வாள் ஒன்றையே பரிசாக அனுப்பியது. அவரும் முதல் நாளே வென்றவர் அல்லர். பலமுறை விழுந்து கற்றதையே பிறருக்கு ஈந்தார்.

எனக்கும் அத்தகைய துணை கிடைத்தது. கல்லூரி திறந்ததும் புள்ளியியல் ஆசிரியரிடம் சென்று, ஒரு பழைய வினாத்தாளை அவர் முன்னிலையிலேயே எழுதினேன். பத்து நிமிடத்தில் அவர் பேனா ஓரிடத்தில் நின்றது. “கணக்கு உனக்கு வருகிறது தம்பி. இரண்டு தொடர்புப் போக்குக் கோடுகளில் எதை எங்கே பயன்படுத்துவது என்பதில்தான் ஒவ்வொரு முறையும் தடுமாறுகிறாய்” என்றார். இரண்டு ஆண்டு அறியாத ஒன்றைப் பத்து நிமிடத்தில் அறிந்தேன். நவம்பரில் தேர்ச்சி பெற்றேன்.

ஆகவே பேராசிரியப் பெருமக்களிடம் ஒரு வேண்டுகோள். மாதம் ஒருமுறையேனும் மதிப்பெண் கணக்கில் சேராத தேர்வு ஒன்று வையுங்கள். திருத்திய தாளை எங்களிடமே திருப்பிக் கொடுங்கள். எண்ணை வட்டமிடுவதோடு நில்லாமல், இடறிய இடத்தையும் வட்டமிடுங்கள்.

மாணவத் தோழர்களுக்கும் ஒரு சொல். உங்கள் மலேனியா எந்தத் தாளில் இருக்கிறாள் என்று நீங்களே தேடிக் கண்டுபிடியுங்கள். கையில் ஒரு நோட்டு இருக்கட்டும். எத்தனை முறை விழுந்தோம் என்பதை எண்ணாதீர்கள். விழுந்த இடம் எது என்று எழுதுங்கள்.