மெடிக்கல் கோடிங் படிக்கலாமா என்று கேட்கும் தம்பி தங்கைகளுக்கு

கல்லூரி இறுதித் தேர்வு முடிவுகள் வந்த கையோடு ஒவ்வொரு ஆண்டும் இந்தக் கேள்வி வந்துவிடுகிறது. விலங்கியல், நுண்ணுயிரியல், உயிர்வேதியியல், நர்சிங், பார்மசி முடித்த பிள்ளைகள் கேட்கிறார்கள். "அண்ணா, மெடிக்கல் கோடிங் போகலாமா? இன்ஸ்டிட்யூட்ல நாப்பதாயிரம் கேக்குறாங்க, கட்டலாமா?" இதில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. போகலாமா என்றால், போகலாம். கட்டலாமா என்றால், அவசரப்பட்டுக் கட்டாதீர்கள்.

நம் இயக்கத்து மூத்தவர்கள் சிலருக்கு இந்த வேலையின் பெயரைக் கேட்டாலே முகம் சுளிக்கும். "அமெரிக்க இன்சூரன்ஸ் கம்பெனிக்குக் கூலி வேலை. அதுக்கா அம்பேத்கர் படிக்கச் சொன்னார்? குரூப் 4 எழுது" என்பார்கள். அரசு வேலையின் அருமை எனக்கும் தெரியும். அங்கே பட்டியல் சாதியினருக்கு 18 சதவீதமும் பழங்குடியினருக்கு 1 சதவீதமும் உரிமையாக இருக்கிறது. ஆனால் 2024 குரூப் 4 தேர்வுக்கு முதலில் அறிவிக்கப்பட்ட இடங்கள் 6,244. விண்ணப்பித்தவர்கள் 20 லட்சத்துக்கும் மேல். மூன்று வருடம், நான்கு வருடம் என்று பயிற்சி மையத்திலேயே வயதைக் கரைக்கும் பிள்ளையின் வீட்டில் அம்மா நூறு நாள் வேலைக்குப் போய்க்கொண்டிருப்பாள். அந்த வீட்டுக்கு மாதம் பத்து தேதிக்குள் வரும் சம்பளம் என்பது சின்ன விஷயம் இல்லை. குரூப் 4 எழுதுங்கள், வேலைக்குப் போய்க்கொண்டே எழுதுங்கள் என்பதுதான் என் கட்சி.

வேலை என்னவென்று தெரியாமலே பணம் கட்டிவிடுகிறார்கள், அதனால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் ஒரு நோயாளியைப் பார்த்த மருத்துவர் எழுதி வைக்கும் குறிப்பை இங்கே உட்கார்ந்து படிக்க வேண்டும். என்ன நோய், என்ன சிகிச்சை என்பதைக் குறியீடாக மாற்ற வேண்டும். அந்தக் குறியீட்டை வைத்துத்தான் காப்பீட்டு நிறுவனம் மருத்துவமனைக்குப் பணம் தரும். சர்க்கரை நோய், வேறு சிக்கல் இல்லை என்றால் இ11.9. நோய்களுக்கான தொகுப்பின் பெயர் ஐசிடி-10-சிஎம். 2015 அக்டோபர் 1 முதல் அமெரிக்காவில் நடைமுறையில் இருக்கிறது, 70,000 குறியீடுகளுக்கு மேல் உண்டு. செய்யப்பட்ட சிகிச்சைக்கு அமெரிக்க மருத்துவச் சங்கம் வெளியிடும் சிபிடி. மருந்து, கருவி போன்றவற்றுக்கு ஹெச்சிபிசிஎஸ். எல்லாவற்றையும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. எங்கே தேடுவது, எந்த விதியின்படி தேர்ந்தெடுப்பது என்று தெரிந்தால் போதும்.

சொல்லாமல் விட மனமில்லாத ஒன்று. அந்த ஐசிடி தொகுப்பில் இசட்60.5 என்று ஒரு குறியீடு இருக்கிறது. பாகுபாட்டுக்கும் துன்புறுத்தலுக்கும் இலக்கானவர் என்று பதிவு செய்வதற்கான குறியீடு அது. ஒருவர் ஒதுக்கப்படுவது அவருடைய உடல்நலத்தைப் பாதிக்கும் என்பதற்கு அந்தப் புத்தகத்தில் ஒரு வரி இடம் இருக்கிறது. நம் ஊர் ஆரம்ப சுகாதார நிலையச் சீட்டில் அப்படி எழுதிப் பார்த்ததுண்டா?

சரி, தேர்வுக்கு வருவோம். இங்கே நிறுவனங்கள் அதிகம் கேட்பது ஏஏபிசி என்ற அமெரிக்க அமைப்பின் சிபிசி சான்றிதழ். 100 கேள்விகள், 4 மணி நேரம், 70 சதவீதம் எடுத்தால் தேர்ச்சி. புத்தகத்தைத் திறந்து வைத்தே எழுதலாம். புத்தக ஓரத்தில் உங்கள் கையால் எழுதிய குறிப்புகள் இருக்கலாம், தாள் ஒட்டக் கூடாது. அகிமா என்ற இன்னொரு அமைப்பு நடத்தும் சிசிஎஸ் தேர்வும் உண்டு, அது மருத்துவமனை உள்நோயாளி வேலைக்குப் போகிறவர்களுக்கு அதிகம் பயன்படும், புதியவர்களுக்கு முதலில் தேவையில்லை.

தமிழ் வழியில் படித்த பிள்ளைகள் பயப்படுவது ஆங்கிலத்துக்கு. இந்த வேலையின் ஆங்கிலம் கான்வென்ட் ஆங்கிலம் அல்ல. மருத்துவச் சொற்களில் பெரும்பகுதி கிரேக்கமும் லத்தீனும். 'ஐட்டிஸ்' என்று முடிந்தால் அழற்சி. 'எக்டமி' என்றால் வெட்டி எடுப்பது. 'ஆஸ்டமி' என்றால் துளை போட்டு வழி வைப்பது. முன்னொட்டு, வேர்ச்சொல், பின்னொட்டு என்று பிரித்துப் படித்தால் பாதிக் கிணறு தாண்டியாகிவிட்டது. இது எந்த அக்ரஹாரத்திலும் பேசப்படும் மொழி அல்ல, யாருக்கும் தாய்ப்பால் போல வந்ததும் அல்ல. எல்லோரும் முதல் நாளில் இருந்துதான் தொடங்க வேண்டும். நேர்காணலில் சரளமாகப் பேசுவது வேறு திறமை, அதற்குத் தனியாகப் பழக வேண்டும். ஆனால் தேர்வுத்தாள் உங்கள் உச்சரிப்பைக் கேட்காது.

தேர்வுக்கு உங்கள் சாதி தெரியாது என்பது உண்மை. தேர்வு மேசை வரைக்கும் போகிற வழிக்குத்தான் தெரியும். தேர்வுக் கட்டணம் சில நூறு டாலர். ஏஏபிசி உறுப்பினர் சந்தா தனி, அதை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும், இரண்டு ஆண்டுக்கு 36 தொடர்கல்விப் புள்ளிகள் காட்ட வேண்டும். புத்தகங்கள் மூன்றும் விலை அதிகம். சிபிடி ஒவ்வொரு ஜனவரியிலும் ஐசிடி ஒவ்வொரு அக்டோபரிலும் மாறும், எனவே புதுப் பதிப்பு வேண்டும். இதையெல்லாம் கூட்டினால் நிலமில்லாத ஒரு வீட்டின் பல மாத வருமானம். இன்ஸ்டிட்யூட் கட்டணம் இதற்கு மேல். அப்பா ஆசிரியராக, அண்ணன் ஐடியில் இருக்கிற வீட்டுப் பிள்ளைக்கு இது ஒரு செலவு. நம் பிள்ளைக்கு இது வட்டிக்கு வாங்கிய கடன், ஒருமுறை தோற்றால் இரண்டாம் முறை எழுத வழியில்லாத கடன். தகுதி தகுதி என்கிறார்களே, அந்தத் தகுதிக்கு டாலரில் விலைச்சீட்டு ஒட்டியிருக்கிறது.

சரி, கடன் வாங்கித் தேர்ச்சியும் பெற்றாயிற்று. சான்றிதழில் சிபிசி-ஏ என்று வரும். அந்த 'ஏ' பயிற்சி நிலை என்பதைக் குறிக்கும். இரண்டு ஆண்டு வேலை அனுபவம் காட்டினால் அது நீங்கும், கூடுதல் பயிற்சி முடித்திருந்தால் கொஞ்சம் முன்னதாகவும் நீங்கலாம். விளம்பரங்களைப் பாருங்கள், பாதிக்கு மேல் 'அனுபவம் உள்ளவர்கள் மட்டும்'. சான்றிதழ் இருந்தும் முதல் வேலை கிடைக்காமல் ஆறு மாதம், எட்டு மாதம் சுற்றும் பிள்ளைகளை எனக்குத் தெரியும். எனவே நான் சொல்லும் வரிசை இதுதான். முதலில் சான்றிதழ் இல்லாமலே புதியவர்களை எடுத்துப் பயிற்சி கொடுக்கும் நிறுவனங்களின் நேர்காணல்களுக்குப் போங்கள். சென்னை, கோவை, திருச்சி, சேலம் எல்லா இடத்திலும் இந்த வேலை இருக்கிறது. உடற்கூறு, மருத்துவச் சொற்கள் இரண்டையும் மூன்று மாதம் இணையத்தில் இலவசமாகக் கிடைப்பதை வைத்தே ஒழுங்காகப் படித்துவிட்டுப் போங்கள். உள்ளே நுழைந்த பிறகு தேர்வு எழுதுங்கள். சில நிறுவனங்கள் கட்டணத்தைத் திருப்பியும் தருகின்றன. பல மாதம் முயன்றும் கதவு திறக்கவில்லை என்றால் அப்போது சான்றிதழுக்குச் செலவு செய்யுங்கள்.

தொடக்கச் சம்பளம் பற்றி யாரும் உங்களை ஏமாற்ற வேண்டாம். கைக்கு வருவது பெரும்பாலும் பதினைந்தாயிரத்தை ஒட்டித்தான் இருக்கும், சில இடங்களில் அதற்கும் கீழே. ஒரு நாளைக்கு இத்தனை கோப்பு என்று இலக்கு, 95 சதவீதம் பிழையில்லாமல் இருக்க வேண்டும் என்ற தரக் கணக்கு. முதல் ஆறு மாதம் கண் எரியும். இரண்டு, மூன்று ஆண்டு தாக்குப்பிடித்து அறுவைச் சிகிச்சை, உள்நோயாளி போன்ற கடினமான பிரிவுகளுக்கு நகர்ந்தவர்களின் சம்பளம்தான் சொல்லிக்கொள்ளும்படி உயர்கிறது. நகராமல் எளிய பிரிவிலேயே தங்குவது இப்போது ஆபத்தும்கூட. எக்ஸ்ரே, ஸ்கேன் அறிக்கைகள் போன்ற ஒரே மாதிரி வேலைகளை மென்பொருளே செய்யத் தொடங்கிவிட்டது.

ஏமாற்று எங்கே நடக்கிறது என்றும் சொல்ல வேண்டும். 'நூறு சதவீத வேலை உத்தரவாதம்' என்று பணம் வாங்கிவிட்டு ஏஆர் காலிங்கில் கொண்டுபோய் விடுவார்கள். அது நிலுவைப் பணத்துக்காக அமெரிக்கக் காப்பீட்டு நிறுவனங்களுக்கு இரவெல்லாம் போன் பேசும் வேலை. மோசமான வேலை என்று சொல்லவில்லை. ஆனால் கோடிங் என்று காசு வாங்கிவிட்டு அதைக் கொடுப்பது மோசடி. இன்னொரு கூட்டம் போலி அனுபவச் சான்றிதழ் விற்கிறது. பின்னணிச் சரிபார்ப்பில் மாட்டினால் துறையிலேயே தலைகாட்ட முடியாது, தொடாதீர்கள். மூன்றாவது, அசல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொள்வது. கல்விச் சான்றிதழ் விற்பனைப் பொருள் அல்ல, கல்வி நிறுவனம் அதைப் பிடித்துவைக்க முடியாது என்று சென்னை உயர் நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. உங்கள் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலை எந்த மேசை இழுப்பறையிலும் விட்டுவிட்டு வராதீர்கள்.

இனி, எல்லோரும் மென்று முழுங்கும் விஷயம். தனியார் துறையில் சாதி பார்ப்பதில்லை என்கிறார்கள். 2007-இல் சுகதேவ் தோரட்டும் பால் அட்டவெல்லும் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். ஒரே தகுதியுள்ள விண்ணப்பங்களை உயர்சாதிப் பெயரிலும் தலித் பெயரிலும் முஸ்லிம் பெயரிலும் தனியார் நிறுவனங்களுக்கு அனுப்பிப் பார்த்தார்கள். தலித் பெயருக்கு அழைப்பு வரும் வாய்ப்பு விகிதம், உயர்சாதிப் பெயருக்கு உள்ளதில் மூன்றில் இரண்டு பங்குதான். அதே ஆண்டு சுரிந்தர் ஜோத்காவும் கேத்தரின் நியூமனும் மனிதவள அதிகாரிகளிடம் பேசி எழுதினார்கள். 'குடும்பப் பின்னணி' கேட்பது நேர்காணலின் இயல்பான பகுதி என்று அந்த அதிகாரிகளே சொன்னார்கள். அப்பா என்ன செய்கிறார், எந்த ஊர், ஊரில் எந்தப் பக்கம்? நம் ஊரில் இந்த மூன்றாவது கேள்வி எதற்கு என்று விளக்க வேண்டியதில்லை. அரசு ஆவணங்களிலிருந்து 'காலனி' என்ற சொல்லை நீக்குவதாக முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தது 2025 ஏப்ரலில். அது உங்கள் பயோடேட்டாவில் மட்டும் ஏன் இருக்க வேண்டும்? முகவரியில் மாவட்டமும் தொலைபேசி எண்ணும் போதும். இது ஒளிந்துகொள்வது ஆகாது. அடையாளத்தை எங்கே, எப்போது, யாரிடம் சொல்வது என்பது உங்கள் முடிவாக இருக்கட்டும்.

வாசலில் நடப்பதைவிட முக்கியமானது, வாசல் எப்படித் தெரியவருகிறது என்பது. இந்தத் துறையில் காலியிடங்களில் கணிசமானவை உள்ளே இருப்பவர்களின் பரிந்துரையில் நிரம்புகின்றன. ஆள் கொண்டுவந்தால் ஊக்கத்தொகையும் உண்டு. யார் யாரைப் பரிந்துரைப்பார்கள்? சொந்தக்காரரை, ஊர்க்காரரை, அறைத்தோழரை. அதாவது பெரும்பாலும் சொந்தச் சாதியை. ஒருவரும் கெட்ட எண்ணத்தோடு செய்யாமலே ஒரு தளம் முழுக்க ஒரே சாதியாகிவிடும். இட ஒதுக்கீட்டை எதிர்த்துப் பேசுகிறவர்களுக்கு இந்த ஒதுக்கீடு மட்டும் கண்ணில் படுவதில்லை. அரசமைப்பின் 16(4) அரசுப் பணிகளோடு நின்றுவிடுகிறது. தனியார் துறை இட ஒதுக்கீட்டுக்கான போராட்டம் தொடர வேண்டும். அது வரும்வரை நம் பிள்ளைகளில் உள்ளே போனவர்கள் வெளியே இருப்பவர்களை இழுத்துவிட வேண்டும். உள்ளே போனதும் போன் எண்ணை மாற்றிக்கொள்ளும் தோழர்களைப் பற்றி எனக்கு வருத்தம் உண்டு. அவர்களின் பயமும் எனக்குப் புரியாமல் இல்லை.

வீட்டுப் பிரச்சினை இன்னொன்று. 1917-இல் பரோடா சமஸ்தான வேலைக்கு வந்த அம்பேத்கருக்கு அந்த நகரத்தில் தங்க இடம் கிடைக்கவில்லை, பார்சி விடுதியிலிருந்தும் விரட்டப்பட்டார். சென்னையில் இன்றும் "நீங்க என்ன ஆளுங்க?" என்று கேட்டுவிட்டுத்தான் சாவி கொடுக்கும் வீடுகள் இருக்கின்றன. பெண்களுக்கு அரசின் தோழி விடுதிகள் இருக்கின்றன, முதலில் அங்கே விசாரியுங்கள்.

அரசிடம் கேட்க வேண்டியதையும் கேட்போம். தாட்கோ பட்டியல் சாதி, பழங்குடி இளைஞர்களுக்கு இலவசத் திறன் பயிற்சிகள் நடத்துகிறது. பயிற்சி வகுப்பு மட்டும் போதாது. சிபிசி தேர்வுக் கட்டணத்தை, முதல் முறை தோற்றால் இரண்டாம் முறைக்கும் சேர்த்து, தாட்கோ கட்ட வேண்டும். நடப்பு ஆண்டுக் குறியீட்டுப் புத்தகங்கள் மாவட்ட மைய நூலகத்திலும் ஆதிதிராவிடர் நல விடுதிகளிலும் இருக்க வேண்டும். பயிற்சி முடித்தவர்களில் எத்தனை பேருக்குக் கோடிங் வேலையே கிடைத்தது, எத்தனை பேரை வேறு வேலைக்குத் தள்ளினார்கள் என்று மாவட்ட வாரியாக வெளியிட வேண்டும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் இதைக் கேட்க பத்து ரூபாய்தான் செலவு. கல்லூரியில் படிக்கும் தோழர்கள் மாவட்டத்துக்கு ஒருவர் மனுப் போடுங்கள். பதில் வந்தால் அனுப்புங்கள், இங்கேயே வெளியிடுகிறேன். போன ஆண்டுப் புத்தகங்கள் வைத்திருப்பவர்கள் எடைக்குப் போடாதீர்கள், படித்துப் பழகுவதற்கு அவை போதும், கேட்டுக் காத்திருக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

ஜெய்பீம்.